கால் டீஸ்பூன் கணக்கு போதாது: வீட்டு ஒயினுக்கு எவ்வளவு சல்பைட்?

கேள்வி: வீட்டில் திராட்சை ஒயின் செய்கிறோம். இந்த முறை சிவப்பு 20 லிட்டர், வெள்ளை 10 லிட்டர். நொதித்து முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு தடவை வண்டலை விட்டுத் தெளிவை இறுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பாட்டிலில் அடைக்க எண்ணம். போன தடவை எதுவும் சேர்க்காமல் அடைத்தோம். வெள்ளை ஒயின் நான்கே மாதத்தில் தேநீர் நிறத்துக்கு மாறி, நறுக்கி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிளின் வாடை அடித்தது. இனிப்புக்காக லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை கலந்து அடைத்த சில பாட்டில்களில் தக்கை தானாகத் தெறித்துவிட்டது. ‘பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கால் டீஸ்பூன் போட்டால் இரண்டும் நடக்காது’ என்கிறார் சித்தப்பா. ‘வீட்டில் செய்யும் பொருளில் விஷம் எதற்கு’ என்கிறார் அம்மா. எவ்வளவு போட வேண்டும், எப்போது போட வேண்டும்? அண்ணிக்கு ஆஸ்துமா இருக்கிறது. அவர் குடிக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளில் தவறு நேர்ந்தால் போவது ஒயின் மட்டும்தான். இதில் அப்படியில்லை.

அண்ணியின் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவருக்கு இந்த ஒயினைக் கொடுக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, சித்தப்பா சொல்லும் பொடி தரும் சல்பைட் உடலுக்குள் போனதும் மூச்சுக்குழாய் சுருங்கும். சிலருக்குக் கடுமையாகவே சுருங்கும். அது யாருக்கு வரும் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்த ஆப்ரிகாட் பழம், பாட்டிலில் அடைத்த எலுமிச்சைச் சாறு போன்றவற்றைச் சாப்பிட்டபின் அவருக்கு எப்போதாவது இழுப்பு வந்ததுண்டா என்று கேளுங்கள். வந்ததுண்டு என்றால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். வந்ததில்லை என்றாலும் அதை வைத்து நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ‘அவருக்கு மட்டும் எதுவும் சேர்க்காத ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்து வைக்கிறேன்’ என்று நினைத்தால், அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. நொதிக்கும்போது ஈஸ்ட் தானாகவே சிறிதளவு சல்பர் டைஆக்சைடை, அதாவது சல்பைட் பொடி கரைந்து தரும் அதே பொருளை, உண்டாக்கும். பெரும்பாலும் லிட்டருக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை இருக்கும். ‘சல்பைட் சேர்க்காத ஒயின்’ என்பதும் ‘சல்பைட் இல்லாத ஒயின்’ என்பதும் ஒன்றல்ல. இன்னொன்றும் உண்டு: அந்தப் பொடியைக் கரைக்கும்போது எழும் வாயுவே ஆஸ்துமா உள்ளவருக்குப் போதும் தொல்லை தர. கரைக்கும் வேளையில் அண்ணி அந்த அறையில் இருக்கக் கூடாது. பாட்டில்கள் மேல் ‘சல்பைட் சேர்த்தது’ என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். வீட்டுக்கு வரும் மற்றவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

அடுத்து அம்மாவின் கவலை. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அளவு மீறினால் சல்பைட் தொண்டையையும் வயிற்றையும் எரிக்கும், எச்சரிக்கை தேவைதான். ஆனால் சரியான அளவில் இது மிகப் பழைய, நன்றாக ஆராயப்பட்ட பாதுகாப்புப் பொருள். 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சு வணிகர்கள் ஒயின் பீப்பாய்களுக்குள் கந்தகத் திரியைக் கொளுத்தினார்கள். அந்தப் புகையில் இருந்ததும் இதே சல்பர் டைஆக்சைடுதான். நம் உடலில் புரதம் சிதையும்போதும் சல்பைட் உண்டாகிறது. அதைச் சல்பேட்டாக மாற்றி வெளியேற்ற ஒரு நொதி நமக்குள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் வரை ஒரு நாளில் உட்கொள்ளலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 42 மில்லிகிராம். லிட்டருக்கு மொத்தம் 100 மில்லிகிராம் உள்ள ஒயினில் 150 மில்லிலிட்டர் குடித்தால் 15 மில்லிகிராம் உள்ளே போகும். அதே நாளில் உலர்பழங்களும் நிறையச் சாப்பிட்டால் கணக்கு ஏறிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் இந்தப் பொருளை மறுபரிசீலனை செய்தபோது, பல உணவுகள் வழியாக மிகுதியாக உட்கொள்பவர்களைக் குறித்துக் கவலை தெரிவித்தது. ஆகவே அம்மாவுக்கு நான் சொல்லும் பதில் இது: தேவையான மிகக் குறைந்த அளவை அளந்து போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கீழே நான் சொல்லும் முறை முழுவதும் அதற்காகத்தான்.

போன தடவை உங்களுக்கு நேர்ந்தவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். சித்தப்பா இரண்டையும் ஒரே பொடியால் தீர்க்கப் பார்க்கிறார். வெள்ளை ஒயின் பழுப்பானதற்கும் ஆப்பிள் வாடைக்கும் காரணம் காற்று. ஆக்சிஜன் புகுந்து ஆல்கஹாலில் ஒரு பகுதியை அசெட்டால்டிஹைடாக மாற்றியிருக்கிறது. அந்த வாடை அதனுடையது. இதைத் தடுப்பதில் சல்பைட்டுக்கு இணையில்லை. தக்கை தெறித்தது வேறு கதை. மீதமிருந்த ஈஸ்ட் நீங்கள் போட்ட சர்க்கரையைத் தின்று பாட்டிலுக்குள் மீண்டும் நொதித்திருக்கிறது. இதை சல்பைட்டால் மட்டும் தடுக்க முடியாது. ஒயின் ஈஸ்டுகளில் பெரும்பாலானவை, நாம் ஒயினில் போடக்கூடிய அளவு சல்பைட்டைத் தாங்கிக்கொண்டு வேலை செய்யும் இனங்கள். உண்மையில் அந்தக் குணத்துக்காகவே அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை.

தெறித்த தக்கைகளை நீங்கள் சிறு விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்தபோது உண்மையாகவே பதற்றமாக இருந்தது. லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை. ஷாம்பெயின் செய்பவர்கள் பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைப்பதற்குப் போடும் அளவு லிட்டருக்குச் சுமார் 24 கிராம். அதனால் உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆறு மடங்கு. அதைத் தாங்குவதற்கென்றே அவர்களுடைய பாட்டில்கள் தடித்த கண்ணாடியில், அடியில் ஆழமான குழியோடு வார்க்கப்படுகின்றன. உங்களிடம் இருப்பவை சாதாரண பாட்டில்கள். தக்கை இளகி விட்டுக்கொடுத்ததால் கண்ணாடி தப்பியது. தக்கை இறுக்கமாக இருந்திருந்தால் பாட்டிலே வெடித்திருக்கும். அந்தச் சர்க்கரை கலந்த பாட்டில்கள் இன்னும் ஏதேனும் மிச்சமிருந்தால், கைகளுக்குத் தடித்த உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து, ஒரு தடித்த துணியைப் பாட்டில்மேல் போர்த்திக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்தபின், அதே துணிக்குள் வைத்தே மெல்லத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள்.

சரி, சல்பைட் ஒயினுக்குள் என்ன செய்கிறது? பொடியைப் போட்டதும் அது கரைந்து சல்பர் டைஆக்சைடைத் தருகிறது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டின் எடையில் 57.6 சதவீதம் சல்பர் டைஆக்சைடு. சோடியம் மெட்டாபைசல்பைட் என்றால் 67 சதவீதம். ஆகவே எந்தப் பொடி கையில் இருக்கிறது என்று டப்பாவைப் படித்துக்கொள்ளுங்கள். ஒயினுக்குப் பொட்டாசியம் உப்பையே நான் விரும்புவேன். சோடியத்தைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம். கரைந்த சல்பர் டைஆக்சைடு முழுவதும் காவலுக்கு நிற்பதில்லை. ஒரு பகுதி அசெட்டால்டிஹைடு, சர்க்கரை, நிறமிகள் ஆகியவற்றோடு சேர்ந்து பிணைந்துவிடும். சம்பளம் எவ்வளவு வந்தாலும் கடன் தவணைகள் போக மிஞ்சுவதுதானே மாதச் செலவுக்கு உதவும்? அதுபோல, பிணைந்தது போக மிஞ்சும் தனித்த சல்பைட்தான் ஆக்சிஜனால் வரும் கெடுதலையும் கிருமிகளையும் தடுக்கும். இதுவரை சல்பைட்டே படாத உங்கள் ஒயினில் பிணைவதற்குக் காத்திருக்கும் பொருள்கள் நிறைய இருக்கும். முதல் தடவை போடுவதில் பாதிவரை அதற்கே போனாலும் வியப்பில்லை. ‘நாற்பது போட்டேன், நாற்பது இருக்கும்’ என்று கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அந்தத் தனித்த சல்பைட்டும் எல்லா ஒயினிலும் ஒரே வலிமையோடு வேலை செய்யாது. கிருமியின் உடலுக்குள் நுழைந்து அதை முடக்குவது அதில் ஒரு வடிவம் மட்டுமே. மூலக்கூறு வடிவம் என்பார்கள். அந்த வடிவம் எத்தனை சதவீதம் இருக்கும் என்பதை ஒயினின் புளிப்பு, அதாவது பி.எச். மதிப்பு, முடிவு செய்கிறது. பி.எச். 3.2 என்றால் தனித்த சல்பைட்டில் ஏறத்தாழ 4 சதவீதம். 3.8 என்றால் 1 சதவீதம்தான். பி.எச். எண் சற்றே ஏறினாலும், அதாவது புளிப்பு சற்றே குறைந்தாலும், தேவை வேகமாக உயர்வது இதனால்தான். வெள்ளை ஒயினுக்கு மூலக்கூறு வடிவம் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது நாங்கள் தொழிலில் வைத்திருக்கும் குறி. அதற்கு, பி.எச். 3.2 உள்ள ஒயினில் தனித்த சல்பைட் லிட்டருக்கு 20 மில்லிகிராம் போதும். 3.4 என்றால் 32 வேண்டும். 3.6இல் 50. 3.8இல் 79. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்து வந்த டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தானும் ஓரளவு காவல் காக்கும் என்பதால் 0.5 போதும். 3.4இல் 20, 3.6இல் 31, 3.8இல் 49 என்று வரும்.

இனி சித்தப்பாவின் கால் டீஸ்பூனைப் பார்ப்போம். கால் டீஸ்பூன் பொடி ஏறத்தாழ 1.4 கிராம் எடை இருக்கும். தட்டி நிரப்பினால் கூடும், தளர்வாக அள்ளினால் குறையும். அது உங்கள் 20 லிட்டர் சிவப்பில் விழுந்தால் லிட்டருக்கு 40 மில்லிகிராம். 10 லிட்டர் வெள்ளையில் விழுந்தால் 80. யாரேனும் 5 லிட்டர் ஜாடியில் அதே கரண்டியைப் போட்டால் 160! சித்தப்பா சொல்வது ஏதோ ஒரு குறிப்பிட்ட கொள்ளளவுக்குச் சரியாக அமைந்த அளவாக இருக்கலாம். அது கொள்ளளவையும் புளிப்பையும் விட்டுத் தனியே பயணம் செய்து உங்களிடம் வந்திருக்கிறது. கேம்ப்டன் மாத்திரை என்று விற்கும் சல்பைட் மாத்திரையையும் எண்ணிக்கைக் கணக்கில் போடாதீர்கள். மாத்திரையின் எடையும் உள்ளிருக்கும் உப்பும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகின்றன.

ஆகவே முதல் வேலை பி.எச். பார்ப்பது. நிறம் மாறும் தாள்கள் இதற்கு உதவாது. 3.4க்கும் 3.6க்கும் உள்ள வேறுபாட்டை அவற்றால் காட்ட முடியாது. சிவப்பு ஒயினில் தாளே சிவந்துவிடும். கையடக்க மீட்டர் வேண்டும். ஒவ்வொரு தடவையும் 4, 7 என்னும் இரண்டு திட்டக் கரைசல்களில் அதைச் சரிபார்த்துக்கொண்டு அளவிடுங்கள். சல்பைட் போடும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டிய கருவி என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, பொடியை நேரடியாக ஒயினில் கொட்டாதீர்கள், கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் ஒன்றரை கிராமைத் துல்லியமாக நிறுக்க முடியாது. 10 கிராமை ஓரளவு சரியாக நிறுக்கலாம். 10 கிராம் பொடியைச் சிறிது வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லிலிட்டர் வரும்வரை நீர் சேருங்கள். இந்தக் கரைசலில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 57.6 மில்லிகிராம் சல்பர் டைஆக்சைடு இருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து போடலாம். இப்போது கணக்கு எளிது: ஒயின் எத்தனை லிட்டர், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும், இரண்டையும் பெருக்கி 57.6ஆல் வகுங்கள், வருவது மில்லிலிட்டர். ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக் கரையுங்கள். எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம், வினிகர் எதையும் இந்த அடர்ந்த கரைசலோடு சேர்த்துவிடாதீர்கள். வாயு ஒரேயடியாகக் கிளம்பி மூச்சை அடைக்கும். குளோரின் கலந்த வெளுப்பானும் பக்கத்தில் வேண்டாம். இந்தக் கரைசல் நாள்பட்டால் வலுவிழக்கும் என்பதால் அன்றைக்கன்று செய்துகொள்வது நல்லது.

எப்போது போடுவது? சிவப்பு ஒயினுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஈஸ்ட் வேலை முடித்தபின் லாக்டிக் பாக்டீரியா கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் கட்டம் ஒன்று பல சிவப்பு ஒயின்களில் தானே நடக்கும். அது பாதியில் இருக்கும்போது சல்பைட் போட்டால் நின்றுவிடும். பிறகு பாட்டிலுக்குள் மெல்லத் தொடர்ந்து ஒயினைக் கலங்கலாக்கி நுரைக்கச் செய்யலாம். சர்க்கரை தீர்ந்தபிறகும் ஜாடியின் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தால் அது முடியவில்லை என்று பொருள். காத்திருங்கள், அல்லது மாலிக் அமிலம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாளால் பாருங்கள். வெள்ளைக்கு இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் தேவையில்லை. அதன் புத்துணர்வே அந்தக் கூர்மையில்தான் இருக்கிறது.

நொதித்தல் முடிந்ததா என்பதைக் குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் கருவியில் அடர்த்தி 0.998 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு வாரம் விட்டுப் பார்த்தாலும் அந்த எண் மாறாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஆனபின் சல்பைட்.

அடுத்த வாரம் அடைப்பதைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். அடைக்கும் அன்றே போட்டு அடைத்துவிடுவதுதான் வீட்டில் செய்பவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு. எவ்வளவு பிணைந்தது, எவ்வளவு மிஞ்சியது என்பதை அதன்பின் யாரும் பார்க்க முடியாது. இப்படிச் செய்யுங்கள்: ஒயினை இன்னொரு தடவை இறுத்து மாற்றும் வேளையில், காலியான சுத்தமான ஜாடியின் அடியில் முதலில் கரைசலை ஊற்றிவிட்டு, அதன்மேல் குழாய் வழியாக ஒயின் மெல்ல வந்து சேருமாறு விடுங்கள். கலக்கி அடிக்காமலே சீராகக் கலந்துவிடும், காற்றும் அதிகம் சேராது. மேலே ஊற்றினால் கனமான கரைசல் நேரே அடியில் போய்த் தங்கும். மேல்பகுதி வெறும் ஒயினாகவே இருக்கும். முதல் தடவைக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிவப்பு 20 லிட்டருக்கு 17.4 மில்லிலிட்டர் கரைசல், வெள்ளை 10 லிட்டருக்கு 8.7 மில்லிலிட்டர். ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி மூடி, மூன்று நான்கு நாள் விடுங்கள். பிணைவதெல்லாம் பிணைந்து நிலைக்கு வரட்டும்.

பிறகு தனித்த சல்பைட்டை அளவிடுங்கள். வெள்ளைக்கு அயோடின் சேர்த்து நிறமாற்றம் பார்க்கும் சிறு கருவித் தொகுப்புகள் போதும். சிவப்பில் அதை அப்படியே நம்பாதீர்கள். டானினும் நிறமிகளும் அயோடினோடு வினைபுரிவதால் உண்மையைவிட அதிகமான எண்ணைக் காட்டும். ‘நிறைய இருக்கிறது’ என்று நினைத்து நிறுத்திவிடுவீர்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒயினில் காற்றைச் செலுத்தி வெளிவரும் வாயுவைப் பிடித்து அளக்கும் முறைதான் சிவப்புக்கு நம்பகமானது. அதை ஆய்வகத்தில் செய்வார்கள். வீட்டிலும் அமைத்துக்கொள்ள முடியும். உதாரணத்துக்கு, உங்கள் சிவப்பின் பி.எச். 3.6, அளந்ததில் 22 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தேவை 31. பாட்டிலில் ஊற்றும்போது கலக்கும் ஆக்சிஜனை ஈடுகட்ட இன்னும் ஒரு 7. ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் கணக்குப்படி 4 மில்லிகிராம் சல்பர் டைஆக்சைடைத் தின்றுவிடும் என்பதால் இந்தக் கூடுதல். ஆக 38, குறைவு 16. இருபதால் பெருக்கினால் 320 மில்லிகிராம், அதாவது 5.6 மில்லிலிட்டர் கரைசல். இந்த இரண்டாம் தடவையில் போடுவதில் பெரும்பகுதி தனித்தே நிற்கும், ஏனெனில் பிணைவதற்கான பொருள்கள் முன்பே நிறைந்துவிட்டன. ஈஸ்ட் தந்ததையும் சேர்த்து மொத்தம் 100க்குள் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு மொத்தத்தில் 150, வெள்ளைக்கு 200 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அம்மாவிடம் இந்த எண்களைக் காட்டலாம்.

தனித்த சல்பைட்டை அளக்க எந்த வழியும் இல்லை என்றால், முதலில் 50, அடைப்பதற்கு ஒரு நாள் முன்னால் மேலும் 20 என்று இரண்டு தவணையாகப் போடுங்கள். பி.எச். 3.5க்குள் இருக்கும் ஒயினுக்கு இது பொதுவாகப் போதும். அதைத் தாண்டினால் அளக்காமல் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதிகமாகப் போட்டுவிட்டால் அது மூக்கிலேயே தெரியும்: கிழித்து அணைந்த தீக்குச்சியின் நெடி. சிவப்பு ஒயின் சற்று வெளிறவும் செய்யும். வெளிறியது பெரும்பாலும் மெல்லத் திரும்பிவிடும். நெடியைக் குறைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டுவிடச் சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், கை சற்றுத் தவறினாலும் நீங்கள் காப்பாற்ற நினைத்த ஒயினையே ஆக்சிஜனேற்றி அழித்துவிடும். சல்பைட் போடாத இன்னொரு ஒயினோடு கலப்பதும், ஜாடியிலேயே காத்திருப்பதும் பாதுகாப்பான வழிகள். போன தடவை பழுப்பான வெள்ளை ஒயின் இன்னும் இருந்தால், இப்போது சல்பைட் சேர்த்தால் ஆப்பிள் வாடை ஓரளவு அடங்கும். நிறமும் போன பழமணமும் திரும்பாது. அதைப் புது ஒயினோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். அதிலுள்ள அசெட்டால்டிஹைடு உங்கள் புதுச் சல்பைட் முழுவதையும் பிணைத்துக்கொள்ளும்.

இனிப்பு வேண்டும் என்ற ஆசைக்கு வருகிறேன். என் விருப்பமான பதில்: ஒயினை இனிப்பில்லாமலே அடையுங்கள், பரிமாறும்போது கோப்பையில் சர்க்கரைப் பாகு சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் சர்க்கரை இல்லையென்றால் வெடிக்கவும் ஒன்றுமில்லை. பாட்டிலிலேயே இனிப்பு வேண்டும் என்றால் சல்பைட்டோடு பொட்டாசியம் சோர்பேட் லிட்டருக்கு 200 முதல் 250 மில்லிகிராம் சேர்க்க வேண்டும். சோர்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால் நொதித்துக்கொண்டிருக்கும் ஒயினையோ வண்டலோடு கலங்கியிருக்கும் ஒயினையோ அதனால் நிறுத்த முடியாது. நன்றாகத் தெளிந்து, ஈஸ்ட் பெரும்பாலும் அடியில் படிந்து நீங்கிய ஒயினில்தான் அது பயன்படும். அதைச் சல்பைட் இல்லாமல் தனியாகப் போடவே கூடாது. லாக்டிக் பாக்டீரியா சோர்பேட்டிலிருந்து வரும் சோர்பிக் அமிலத்தைத் தின்றால் நசுக்கிய ஜெரேனியம் இலையின் வாடை உண்டாகும், அதை எந்த வழியாலும் நீக்க முடியாது. உங்கள் சிவப்பு ஒயினில் அந்தப் பாக்டீரியா வேலை செய்திருந்தால் சோர்பேட்டைத் தொடவே வேண்டாம். வெள்ளைக்கு மட்டும் யோசியுங்கள். சோர்பேட் சேர்த்து, சர்க்கரை கலந்து, இரண்டு வாரம் ஜாடியிலேயே வைத்து, ஹைட்ரோமீட்டர் எண் அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் அடைக்க வேண்டும்.

பொடி பற்றியும் ஒரு வார்த்தை. மெட்டாபைசல்பைட் ஈரக்காற்றில் மெல்ல வலிமை இழக்கும். திறந்து ஓராண்டுக்கு மேலான, கட்டி தட்டிய, திறந்தால் காரமான நெடி வராத பொடியை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதில் பயனில்லை, புதிது வாங்குங்கள். காற்றுப்புகாத டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி, சமையல் பொருள்களிடமிருந்தும் குழந்தைகள் கையிலிருந்தும் தள்ளி வையுங்கள். பார்க்க சமையல் சோடா போலவே இருக்கும்.

வினிகர் பாக்டீரியாவை சல்பைட் மட்டும் கட்டுப்படுத்தும் என்று நம்ப வேண்டாம். அதற்கு உயிர் காற்றுதான். பாதி காலியான ஜாடியில் எவ்வளவு சல்பைட் போட்டாலும் அது மேற்பரப்பில் படரும். ஒயின் குறையும்போது சிறிய ஜாடிக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்புவதுதான் அதற்கு மருந்து. அடைக்கும் நாளில் குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொடட்டும். ஒயின் உயரத்திலிருந்து சலசலத்து விழக் கூடாது. தக்கைக்கும் ஒயினுக்கும் இடையே ஒரு விரற்கடை இடம் போதும். அடைத்த முதல் சில வாரங்களில் ஒயின் மணம் அடங்கிச் சப்பென்று இருக்கும். அது கெட்டதன் அறிகுறி அன்று. ஆக்சிஜனும் சல்பைட்டும் உள்ளே சமநிலைக்கு வர எடுத்துக்கொள்ளும் காலம். வெப்பம் இந்தக் காவலை விரைவில் கரைத்துவிடும் என்பதால், இருப்பதில் மிகக் குளிர்ச்சியான, இருண்ட இடத்தில் வையுங்கள். வெள்ளையை ஓராண்டுக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.

இரண்டு ஒயின்களின் பி.எச். எண்களையும் அளந்ததும் எனக்கு எழுதி அனுப்புங்கள். சிவப்பு 3.8ஐத் தாண்டியிருந்தால் சல்பைட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். டார்டாரிக் அமிலம் லிட்டருக்கு ஒரு கிராம் சேர்த்தால் பி.எச். ஏறத்தாழ 0.1 இறங்கும். முதலில் ஒரு லிட்டரைத் தனியாக எடுத்து அதில் சேர்த்து, சுவையும் எண்ணும் பார்த்துவிட்டு, பிறகு ஜாடிக்குச் செல்லுங்கள். புளிப்பைச் சரிசெய்தபின் சல்பைட் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும்.